அப்பாவின் படத்துக்குக் கீழே ஒரு வரி

ஹாலேவா, வவாவு
8 செப்டம்பர் 2008

சிதலேகிக்கு,

இதை நம் ஊரின் இணையப் பக்கத்துப் பொது அஞ்சல் பெட்டிக்கு அனுப்பவில்லை. உன் சொந்த முகவரிக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அழித்துவிடு. அழிப்பதற்கு முன் இன்னொரு முறை படி.

சனிக்கிழமை அப்பா இறந்து வருஷம் திரும்பியது. நீ கப்பலில் போட்டுவிட்ட மாட்டிறைச்சி டின்கள் வந்து சேர்ந்தன. சேப்பிலையில் வைத்துச் சுட்டோம், ஊரே சாப்பிட்டது. அதற்குப் பிறகு எல்லாரையும் சபைக் கூடத்தில் உட்காரவைத்தேன். பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரை இரவல் வாங்கியிருந்தேன். சன்னல்களில் பாய்களைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம், சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம். ஹாலேவா ஹாலேவா என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிற பக்கத்தை ஊரில் இருப்பவர்கள் பாதிப்பேர் கண்ணால் கண்டதில்லை. அவர்களும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். என் ஆசையில் இடி விழ.

அப்பாவின் பக்கத்தைத் திறந்தேன். அவர் முகம் சுவர் அளவுக்கு வந்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். எல்லாரும் அழுதார்கள். ஆக்லாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் நம் ஆட்கள் எழுதிய இரங்கலை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசித்துக்கொண்டே பக்கத்தைக் கீழே இறக்கினேன்.

கீழே அந்த வரி இருந்தது.

கம்ப்யூட்டரில் அது எறும்பு அளவு. துணியில் என் கை நீளம். அது என்ன என்று உனக்கு நான் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். கல்யாணமானவள் தன் புருஷனிடம்கூட விளக்கை அணைத்த பிறகு பேசுகிற விஷயம். அதற்கு எவனோ மாத்திரை விற்கிறான். தள்ளுபடி வேறு.

முதலில் எழுந்தது பெரியப்பா மகன் ஃபினாவ். அவனுக்கு நேர் முன்னால் அவன் தங்கை சியுதிதி உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அடுத்து அவன் தம்பிகள். அடுத்து மாமா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள்; நம் வழக்கத்தில் அவர்களும் கூடப்பிறந்தவர்கள்தானே. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு ஆணுக்கும் ஏதோ ஒரு முறையில் அங்கே ஓர் அக்காவோ தங்கையோ இருந்தாள். கூடப்பிறந்தவள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு எந்த ஆண் உட்காருவான்? பாய் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இங்கிலீஷ் தெரியாத வாத்தியார் மனைவி திரும்பிப் பார்த்து, “என்ன எல்லாரும் போறாங்க, வெளிய மழையா?” என்று கேட்டாள். நான் மவுஸின் மேல் கையை வைத்தபடி நின்றேன். அப்பா மேலே சிரித்துக்கொண்டிருந்தார்.

நீ கொண்டுவந்த வியாபாரம் இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அக்கா, படம் கிடம் ஒண்ணும் கெடையாது. மினுக்குறது, ஆடுறது ஒண்ணும் கெடையாது. பக்கத்துக்கு அடியில ஓரமா நாலு வார்த்தை. வெறும் எழுத்துதானே, அதுல என்ன கெட்டுப்போகுது?”

கெட்டுப்போனது என்ன என்று ஃபினாவைக் கேள்.

அந்த வரியை இன்றைக்கே எடு. இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி உன் மகள் மேலேநைதேயின் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. அத்தை உட்கார வேண்டிய பாய் காலியாகக் கிடக்கட்டும். வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். வெறும் எழுத்துதான் என்று சொல்.

லெசியேலி


மாங்கெரே, ஆக்லாந்து
10 செப்டம்பர் 2008

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவில், குளிர்கிடங்கின் வாசலில் நின்று படித்தேன். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டேன். மேஸ்திரி வந்து, “யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். எந்தப் பக்கத்திலும் இப்போது இல்லை.

அக்கா, நான் உங்களை எதிர்த்துப் பேசியதில்லை. அம்மா வயிற்றில் இருந்து வந்த நாளில் இருந்து நீங்கள் மேலே, நான் கீழே. அது எனக்குப் பெருமைதான். ஆனால் செய்யாத குற்றத்தை என் மகள் கல்யாணத்தின் மேல் கொண்டுபோய் வைத்தால் நான் சும்மா இருக்க முடியாது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு முதலிலேயே சொன்னேன். நம் பக்கம் பழையது. அப்பா தட்டித் தட்டி எழுதிய காலத்திலிருந்து இருக்கிறது. தீவுக்காரர்களின் பக்கங்கள் எல்லாம் நம் பக்கத்துக்கு வருகிற இணைப்பைப் போட்டிருக்கின்றன. தேடுபொறி அதைப் பார்த்து நம்மைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிறது. அந்தப் பெரிய மனுஷனின் பக்கத்தில் தன் கடை பெயர் நாலு வார்த்தையில் இருந்தால் தனக்கும் மதிப்பு கூடும் என்று கடைக்காரன் நினைக்கிறான். தொட்டால் அவன் கடைக்குப் போகும். யாரும் தொடாவிட்டாலும் மாதாமாதம் கொடுத்துவிடுவான். நடுவில் ஒரு தரகுக் கம்பெனி. முதலில் வந்தது பிரிஸ்பேன் ஓட்டல். அடுத்தது செருப்புக் கடை. உங்களைக் கேட்டுத்தான் போட்டேன். செருப்பு என்று சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள்.

புது வரி எது வந்தாலும் தரகுக் கம்பெனி பொதுப் பெட்டிக்கு எழுதி அனுமதி கேட்கும். இந்த வரிக்கும் கேட்டிருக்கும். நான் அனுமதி கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியின் சாவிச்சொல் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதற்கு மேல் எழுத என் விரல் வரவில்லை. தவறி விரல் பட்டிருக்கும் என்று நினைத்து இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கூடத்தில் நடந்தது எனக்கும் அவமானம்தான். ஆனால் மேலேநைதே என்ன செய்தாள்? பிறந்த அன்று அவளை முதலில் தூக்கியது நீங்கள். பெயர் வைத்தது நீங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஹாபாயிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். அத்தை வராத கல்யாணம் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை தாமதமானாலும் அத்தையின் மனசு எரிந்ததால்தான் என்பார்கள். இதைத் தெரிந்துகொண்டே எழுதினீர்களா?

சிதலேகி


ஹாலேவா
15 செப்டம்பர் 2008

சிதலேகிக்கு,

அனுமதி கொடுத்தது நானாம். போதகர் மனைவி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், உட்கார்ந்து அந்த வரியைப் படித்து, சரி போடுங்கள் என்று அழுத்தினேனாம். விரல் தவறி. எவ்வளவு பெரிய மனசு உனக்கு, அக்காவின் விரலுக்குக்கூட மன்னிப்பு கொடுத்துவிட்டாய்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேள். ஃபினாவ் சாலையில் என்னைக் கண்டால் பன்றிப் பட்டி பக்கம் திரும்பிப் போகிறான். சியுதிதி பாய் முடைய வரவில்லை, முதுகுவலியாம். நேற்று அவள் தேங்காய் துருவியதை நான் பார்த்தேன், முதுகு நன்றாகத்தான் வளைந்தது. சபை மூப்பர்கள் இரண்டு பேர் வந்து பவுலாவுடன் ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது ஒருவர் வாசலில் நின்று, “போதகரே, உங்க மாமனார் மோசேசே நல்ல மனுசன், அவர் மூஞ்சிக்குக் கீழ அப்படி இருக்கலாமா?” என்றார். நான் சமையல் கொட்டகையில் இருந்தேன். கேட்காது என்று நினைத்தார் போலும்.

பவுலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் அத்தான் அன்று சாப்பிடும்போது மெதுவாக, “தள்ளுபடி எவ்வளவுன்னு யாராச்சும் கவனிச்சாங்களா?” என்று கேட்டார். இரண்டு நாள் அவரே கிழங்கு வேகவைத்துக்கொண்டார்.

இப்போது உன் பெட்டிக்கு வருவோம். சாவிச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்கிறாய். உண்மைதான். எனக்கும் எண்ணத் தெரியும். ஆனால் பெட்டியைத் திறந்தால் படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தது மெலிந்து போயிருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அந்தக் கடிதத்தை நான் பார்த்தபோதே அது மெலிந்துதான் இருந்தது. எனக்கு முன்னால் யார் திறந்தது? கடலில் இருந்து மீன் ஏறி வந்து திறந்ததா?

திறந்தாய், படித்தாய், காசு வருகிறது என்று போட்டாய். போட்டுவிட்டு இப்போது என் விரலைக் காட்டுகிறாய். தப்பு செய்தவன்கூடப் பரவாயில்லை. அதை அக்காவின் தலையில் துடைக்கிற தம்பியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பெரிய பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அம்மாவின் பாய். நீயும் நானும் அதன் மேல்தான் பிறந்தோம். பூச்சி அரித்தால் அரிக்கட்டும்.

லெசியேலி


மாங்கெரே
19 செப்டம்பர் 2008

அக்காவுக்கு,

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். “நான் பார்த்தபோதே” என்று எழுதியிருக்கிறீர்கள். கூடத்தில் துணியில்தான் முதன்முதலில் கண்டது போல ஒரு பக்கம் அழுதுவிட்டு, அடுத்த கடிதத்தில் உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அந்தக் கடிதம் பெட்டிக்கு வந்தது மே மாதம். மே மாதத்தில் இருந்து உங்களுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். மறைக்கவில்லை. முதலில் திறந்தவன் நான்தான். சாப்பாட்டு இடைவேளையில் கிடங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் திறந்தேன். முதல் இரண்டு வார்த்தை கண்ணில் பட்டதும் மூடிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் காது சூடாகிவிட்டது. இதே பெட்டியை அக்காவும் திறப்பாள் என்ற நினைப்பு. ‘வேண்டாம்’ என்று அழுத்த வேண்டுமானால் முழுசாகப் படித்துக் கீழே இறங்க வேண்டும். அழுத்தினால் தம்பி உட்கார்ந்து இதை முழுசாகப் படித்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அக்கா பார்த்துக்கொள்வாள், வேண்டாம் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் வரி பக்கத்தில் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அக்காதான் அனுமதித்திருக்கிறாள், இங்கிலீஷ் புரியாமல் அழுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் எடுத்தால் நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். எப்படி எடுப்பேன்? போனில் உங்களிடம் என்னவென்று சொல்வேன்? அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பக்கத்தைத் திறக்கும்போது திரையின் அடிப்பகுதியை இடது கையால் மறைத்துக்கொள்வேன். என் மனைவி அதைப் பார்த்து, “என்ன, ஈ உக்காந்திருக்கா?” என்று கேட்டாள்.

நீங்களும் அதையேதான் செய்தீர்கள், இல்லையா? நான்தான் அனுமதித்தேன் என்று நினைத்துக்கொண்டு. அன்று கூடத்தில் அழுகையில் அதை மறந்து பக்கத்தை இறக்கிவிட்டீர்கள். நான் உங்களைக் காப்பாற்றினேன், நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். கடைசியில் மாத்திரைக்காரனைத்தான் இரண்டு பேரும் காப்பாற்றியிருக்கிறோம்.

அப்படியானால் அனுமதி கொடுத்தது யார்? நேற்று தரகுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

“சார், நாங்க மெயில் அனுப்பினோம். மூணு நாளைக்குள்ள வேண்டாம்னு வரலைன்னா சரின்னுதான் எடுத்துக்குவோம். ஒப்பந்தத்துல இருக்கு.”

“நாங்க ரெண்டு பேருமே பாத்தோம்மா. ஆனா அழுத்தல.”

“பாத்துட்டு அழுத்தலைன்னா சரின்னுதானே சார் அர்த்தம்?”

“அது எங்க அக்காவும் தெறக்குற பெட்டிம்மா.”

“அதனால என்ன சார்?”

அவளுக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

ஆக, விற்றது நானும் இல்லை, நீங்களும் இல்லை. நம் இரண்டு பேரின் வாய்மூடல். ஆனால் நீங்கள் என்னை மட்டும் ஊர் நடுவில் நிறுத்துகிறீர்கள். சபைச் சமையல் கொட்டகைக்குக் கூரை போட்டபோது இந்தக் காசு எந்த வார்த்தையில் இருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. தகரத்தின் நிறம்தான் கேட்டீர்கள். இன்றைக்கும் அந்தக் கூரையின் அடியில் நின்றுகொண்டுதான் மூப்பர் பேசியதை ஒட்டுக்கேட்டீர்கள்.

வராவிட்டால் போங்கள். சியுதிதியும் மேலேநைதேக்கு அத்தைதான். கூப்பிட்டால் முதுகுவலியோடு வந்து உட்காருவாள்.

சிதலேகி


மாங்கெரே
20 செப்டம்பர் 2008

அக்கா,

நேற்றைய கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய அடுத்த நிமிஷமே திரும்ப வாங்க முடியுமா என்று பார்த்தேன். முடியாதாம்.

மேலேநைதே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். “சியுதிதி அத்தையா? அப்பா, என் தலையில முத எண்ணெய் வச்சது யாரு? லெசியேலி அத்தை வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம், மாப்ளகிட்ட நீங்களே சொல்லிக்குங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா என்னோடு பேசவில்லை. தனியாக உட்கார்ந்து நேற்று மிஞ்சியதைத் தின்றேன்.

எல்லா வரிகளையும் எடுத்துவிட்டேன். ஓட்டலையும் செருப்பையும்கூட. தரகுக் கம்பெனியின் கணக்கை மூடிவிட்டேன். இனி அந்தக் காசு வராது. பக்கத்துக்கு ஆகிற வாடகையை என் சம்பளத்தில் இருந்து கட்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி வரி விற்கிற பக்கங்களைத் தேடுபொறி கண்டுபிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஜூலையில் இருந்து ஹாலேவா என்று தேடினால் ஏதோ சோப்புதான் முதலில் வருகிறது. நாம் எங்கேயோ கடைசியில். சால்ட் லேக்கில் இருந்து நம் பையன் ஒருவன், “அண்ணே, ஊரு காணாமப் போச்சு” என்று எழுதியிருந்தான். பெரிய மனுஷனாக இருந்த அப்பாவின் பக்கத்தை நாலு வார்த்தைக்கு விற்று ஒன்றுமில்லாமல் ஆக்கியது நான்தான். அந்த வரி மட்டும் இல்லை, செருப்பும்தான். இதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். இதற்கு மட்டும் திட்டுங்கள்.

சிதலேகி


மாங்கெரே
12 அக்டோபர் 2008

அக்கா,

பதில் இல்லை. போன் போட்டால் அத்தான் எடுக்கிறார். “அவ தோட்டத்துல இருக்கா” என்கிறார். நேற்று போட்டபோது உங்கள் குரல் பின்னால் கேட்டது. “நான் தோட்டத்துல இருக்கேன்னு சொல்லுங்க” என்றீர்கள். அத்தான் பாவம், சபைக்கு முன்னால் பொய் சொல்லாத மனிதர்.

மாப்பிள்ளை வீட்டார் அத்தை எப்போது வருகிறார்கள், எந்த வீட்டில் தங்குகிறார்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து சொன்ன பொய்.

சிதலேகி


மாங்கெரே
3 நவம்பர் 2008

லெசியேலி அக்காவுக்கு,

போதும்.

தப்பு செய்தேன் என்றேன். வரிகளை எடுத்தேன். கணக்கை மூடினேன். ஃபினாவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசினேன். மன்னிப்பு கேட்கத்தான் போட்டேன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. இப்படித்தான் நாம் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். அவன் போனை வைப்பதற்கு முன் மெதுவாக, “மீன் நெறைய வருது, வா” என்றான். உங்களிடம் இருந்து அதுகூட இல்லை.

திட்டுவீர்கள் என்று தினமும் பெட்டியைத் திறக்கிறேன். திட்டு வாங்க இப்படிக் காத்திருந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்றும் இல்லை. அதே வாய்மூடல். அந்த வாய்மூடல் அப்பாவின் முகத்துக்குக் கீழே எதைக் கொண்டுவந்து ஒட்டியது என்று பார்த்த பிறகும் உங்களுக்குப் புத்தி வரவில்லையே, அக்கா. இப்படி உங்களுக்கு எழுதுவதற்கு அப்பா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். திருகட்டும்.

இனி நானும் அந்தக் கம்பெனிக்காரன் மாதிரிதான். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து மூன்று நாளைக்குள் ‘வேண்டாம்’ என்று பதில் வரவில்லை என்றால், நீங்கள் கல்யாணத்துக்கு வருகிறீர்கள், அத்தையின் பாயில் உட்காருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். விமானச் சீட்டு எடுத்துவிடுவேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிடுவேன். பிறகு வராமல் இருந்தால் வெட்கப்படுவது நான் மட்டும் இல்லை.

வேண்டாம் என்றால் அழுத்துங்கள். இந்த முறை முழுசாகப் படித்துவிட்டு, நீங்களே அழுத்துங்கள்.

சிதலேகி


ஹாலேவா
7 நவம்பர் 2008

தம்பி சிதலேகிக்கு,

எனக்குக் கெடு வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். சின்ன வயதில் உன்னைத் தேனீ கொட்டியபோது தூக்கிக்கொண்டு ஓடியது நான். அப்போதே கீழே போட்டிருக்க வேண்டும்.

முதலில் ஊர் விஷயம். போன சனிக்கிழமை மறுபடியும் புரொஜெக்டரை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் கொடுக்க யோசித்தார்கள். “இந்தத் தடவை என்ன படம் போதகரம்மா?” என்று வாத்தியார் கேட்டார். முறைத்தேன், கொடுத்துவிட்டார். சன்னலில் பாய், சுவரில் துணி. ஃபினாவின் வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே போகாமல் சத்தமாக, “என் அப்பா மூஞ்சிய முழுசா பாக்காமப் போனவங்க எல்லாம் இன்னிக்கு வந்து பாக்கணும், நான் கூப்பிடுறேன்” என்றேன். அக்கா கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? வந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்தார்கள். நான் அப்பாவின் படத்தில் தொடங்கி மெதுவாகக் கீழே இறக்கினேன். இரங்கல் எல்லாம் தாண்டியது. கடைசி வரை இறக்கினேன். அடியில் வெறும் வெள்ளைத் துணி. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். ஃபினாவ் கால் நீட்டி உட்கார்ந்தான்.

சியுதிதியிடம் நீ அவளை என் பாயில் உட்காரவைக்கப்போவதைச் சொன்னேன். “ஐயோ அக்கா, அத்தைக்குன்னு குடுக்குற கேக்கோட மேல்தட்டு எனக்குத்தான்னு சந்தோசப்பட்டேனே” என்றாள். சிரித்தோம். அவள் முதுகு குணமாகிவிட்டது.

அடுத்தது உன் விஷயம். செவ்வாய்க்கிழமை பொதுப் பெட்டியைத் திறந்தேன். வேறு ஏதோ ஒரு கம்பெனி. பழைய கம்பெனியைவிட அதிகம் தருகிறானாம். அவனும் மூன்று நாள் கொடுத்திருக்கிறான். என்ன வரி என்று கேட்காதே. மே மாதத்து வரி அதற்கு முன்னால் ஞாயிற்றுப் பாடம்.

அந்தக் கடிதம் மெலிந்து இருந்தது.

நீ எனக்கு முன்னால் திறந்திருக்கிறாய். முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்திருக்கிறாய், காது சூடாகியிருக்கிறது, மூடியிருக்கிறாய். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாய். முதல் நாள் எனக்கு ‘முழுசாகப் படித்துவிட்டு நீங்களே அழுத்துங்கள்’ என்று வீராவேசமாக எழுதிவிட்டு, மறுநாள் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மடையனே, உன்னை நான் என்ன செய்ய?

சமையல் கொட்டகையில் யாரும் இல்லாதபோது லேப்டாப்பை அங்கே தூக்கிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக முழுசாகப் படித்தேன். கீழே இறங்கினேன். ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். ஒரு தடவை போதுமா என்று தெரியவில்லை, மூன்று தடவை அழுத்தினேன். பிறகு வெளியே வந்து முகம் கழுவினேன். பவுலா, “என்ன, வேர்த்திருக்க?” என்றார். வெயில் என்றேன். இனிமேல் அப்படி எது வந்தாலும் அதை நான்தான் படிப்பேன், நான்தான் அழுத்துவேன். அதைப் பற்றி நீ எனக்கு எழுதாதே, நான் உனக்கு எழுத மாட்டேன். இதுதான் கடைசி.

நான் உன் வீட்டில் தங்க மாட்டேன். அக்கா தம்பி ஒரே கூரையின் கீழ் தூங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லை, ஆக்லாந்து என்றாலும் இல்லை. உன் மனைவியின் தங்கை வீட்டில் இடம் சொல். விமான நிலையத்துக்கு நீ வராதே, மேலேநைதேயை அனுப்பு. கேக்கின் மேல்தட்டை வெட்டிப் பாதியைச் சியுதிதிக்காகப் பெட்டியில் போட்டு வை.

நீ வைத்த மூன்று நாள் நேற்றோடு முடிந்தது. தினமும் காலையில் உன் கடிதத்தைத் திறந்தேன், படித்தேன், மூடினேன். மறுப்பு எதுவும் நான் அனுப்பவில்லை.

அம்மாவின் பாயை இன்று வெயிலில் போட்டிருக்கிறேன். பூச்சி இல்லை.

அக்கா
லெசியேலி